கண்காணாத ஊருக்குப் போனால் கடன் விடுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. திருப்பூர் பக்கம் ஆறு தையல் மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்துகிறேன். நண்பர் மெஷின் வாங்க வங்கியில் கடன் எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வருடத்துக்கு முன் அவர் திடீரென்று ஆளே காணோம். பாக்கி 6 லட்சத்துக்கு வங்கி என்னைக் கேட்கிறது. சமாளிக்க ஃபைனான்ஸ்காரரிடம் பத்து வட்டிக்கு 2 லட்சம் வாங்கினேன். கையெழுத்து மட்டும் போட்ட மூன்று செக்கும் ஒரு புரோநோட்டும் அவரிடம் இருக்கின்றன. அப்புறம் ஐந்து லோன் ஆப்பில் ஒன்றேகால் லட்சம். நேற்று என் மச்சினனுக்கே போன் பண்ணி அசிங்கமாகப் பேசியிருக்கிறார்கள். அம்மா, மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, பெயரை மாற்றிக்கொண்டு, போன், ஆதார் எதுவும் இல்லாமல் வடக்கே எங்காவது பிழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நான் இல்லாவிட்டால் அவர்களை விட்டுவிடுவார்கள் அல்லவா? இது சட்டப்படி குற்றமா? யாரும் கண்டுபிடிக்காமல் வாழ வழி உண்டா? பெயர், ஊர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது "நான் இல்லாவிட்டால்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஊரை விட்டுப் போவதைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வேறு எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தால்கூட, இதை அப்படியே வைத்துவிட்டு 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. கடன் பேச்சை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

சரி, கேள்விக்கு வருவோம்.

வீட்டை விட்டுப் போவது குற்றமா என்றால், இல்லை. வயது வந்த ஒருவர் தன் விருப்பப்படி எங்கே வேண்டுமானாலும் போகலாம். உங்கள் மனைவி ஸ்டேஷனில் புகார் கொடுப்பார், சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது போடுவார்கள், அப்புறம் 'மேன் மிஸ்சிங்' என்று எஃப்.ஐ.ஆர். ஆகும். தேடிக் கண்டுபிடித்தால், "நானாகத்தான் போனேன், திரும்பி வர இஷ்டம் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். அதை எழுதி வாங்கிக்கொண்டு கோப்பை மூடுவார்கள். கையைப் பிடித்து இழுத்து வந்து வீட்டில் விட போலீசுக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் அடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் போய்விட்டால் அவர்களை விட்டுவிடுவார்களா என்று. இதற்கு என்னைவிட நீங்கள்தான் நல்ல சாட்சி. உங்கள் நண்பர் போனாரே, கடன் அவரோடு போயிற்றா? அடுத்த வாசலைத் தேடி உங்கள் வீட்டுக்கு வந்தது. நீங்களும் போனால் அதற்கடுத்த வாசல் எது?

மனைவி எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் உங்கள் கடனுக்குச் சட்டப்படி அவர் பொறுப்பில்லை. அது சட்டம். நடப்பு என்னவென்றால், ஃபைனான்ஸ்காரர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டுவதில்லை. நீங்கள் வீட்டில் இருக்கும்வரை அவர் உங்களைத் திட்டுவார். நீங்கள் போன மறுநாள், "எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்கே" என்று அவர் கேட்பது உங்கள் மனைவியைத்தான்.

அந்த மூன்று செக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கையெழுத்துப் போட்ட செக்கில் அவர் தொகையை நிரப்பி வங்கியில் போட்டாலும், கடனுக்காகக் கொடுத்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். செக் திரும்பினால் 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாள் உங்களுக்கு அவகாசம். வாங்கியது 2 லட்சம், கட்டியது இவ்வளவு, செக்கில் அவர் எழுதியிருக்கும் தொகை பொய் என்று பதில் அனுப்ப வேண்டிய நேரம் அதுதான். நீங்களோ எங்கேயோ ரயிலில் இருப்பீர்கள். தபால்காரர் வந்து பார்த்து, கதவு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவார். சரியான விலாசத்துக்கு அனுப்பிய பதிவுத் தபால் இப்படித் திரும்பி வந்தாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே கணக்கு. அப்புறம் சம்மன், அதன்பின் பிடிவாரண்ட். அதற்கும் நீங்கள் வராவிட்டால் தேடப்படும் ஆள் என்று கோர்ட் பிரகடனம் செய்யலாம். அந்தப் பிரகடனத்தை ஊரில் பலர் பார்க்கும் இடத்தில் வாசிப்பார்கள், ஒரு நகலை உங்கள் வீட்டிலேயே கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார்கள். உங்கள் மகள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு வெளியே வரும் அதே கதவாகவும் அது இருக்கலாம்.

வங்கி சிவில் வழக்குப் போட்டால் நீங்கள் வராததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிடும். சொல்வதற்கு உங்களிடம் நல்ல வாதங்கள் இருந்தும் சொல்ல ஆள் இருக்காது. அவை என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

இனி, யாரும் கண்டுபிடிக்காமல் வாழ்வது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த நினைப்பு வருகிறவர்கள் எல்லாம் ரயில் ஏறும் காட்சியோடு யோசனையை நிறுத்திவிடுகிறார்கள்.

ரயில் ஏறுவது சுலபம். அன்ரிசர்வ்டு பெட்டியில் யாரும் அடையாள அட்டை கேட்கப் போவதில்லை. கையில் பத்தாயிரம் ரூபாய் இருந்தால் முதல் பத்து நாள் ஓடிவிடும். அப்புறம் வேலை. ஹோட்டல் சமையல்கட்டிலோ கட்டட வேலையிலோ பெயர் மட்டும் கேட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து, "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு கொடுத்துடு" என்று மேஸ்திரி கேட்பார். நீங்கள் மழுப்புவீர்கள். மழுப்புகிறவனுக்கு எந்த ஊரிலும் பாதிக் கூலிதான். தங்க இடம் தேடினால் வீட்டுக்காரரும் அதையே கேட்பார். கூலியைக் கையில்தான் வாங்க வேண்டும், வாங்கியதைத் தலைமாட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். திருட்டுப் போனால் ஸ்டேஷன் பக்கம் போக முடியாது. மற்றவர்கள் எல்லாம் போனில் ஸ்கேன் செய்து டீக்குக் காசு கொடுக்கும் இடத்தில், நீங்கள் மட்டும் பத்து ரூபாய்க்குச் சில்லறை இருக்கிறதா என்று நிற்பீர்கள். முதல் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சமாளிக்கலாம். நாற்பதைத் தாண்டிய உடம்புக்கு எல்லாமே காய்ச்சலாக வராது.

பெயரை மாற்றிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி மாற்றலாம், அரசிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதில் பழைய பெயர், அப்பா பெயர், விலாசம், புதுப் பெயர் எல்லாம் ஒன்றாக அச்சாகும். ஒளிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட மோசமான வழி இல்லை. சட்டத்தை விட்டு வேறு பெயரில் இன்னொரு ஆதார் எடுக்கலாம் என்றால், பத்து விரல் ரேகையும் இரண்டு கண் கருவிழிப் பதிவும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. இன்னொருவர் அடையாளத்தில் புகுந்தால் அது ஆள்மாறாட்டம், 3 வருடம்வரை சிறை. மோசடி செய்தோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 வருடம்வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்பதேகால் லட்சம் கடனுக்குப் பயந்து ஓடிய ஆள் மேல் 50 லட்ச ரூபாய் அபராதப் பிரிவு! காணாமல் போவது குற்றமில்லை என்று மேலே சொன்னேன். காணாமல் போனபடியே வாழ்வதற்குத்தான் ஒவ்வொரு குற்றமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

சிம்மை மட்டும் மாற்றிப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போனுக்கென்று 15 இலக்கத்தில் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது. எந்த சிம் போட்டாலும் அது டவருக்குத் தெரியும். சரி, போனையும் மாற்றினீர்கள். போலீஸ் உங்கள் போனைத் தேட மாட்டார்கள், உங்கள் அம்மாவின் போனுக்கு எந்தப் புது நம்பரிலிருந்து அழைப்பு வருகிறது என்று பார்ப்பார்கள். எந்த மகனும் கடைசிவரை அம்மாவுக்குப் போன் பண்ணாமல் இருப்பதில்லை என்பது ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

என்னிடம் வந்த ஒரு வழக்கு. ஆள் விவரம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். சீட்டுப் பிடித்து நொடித்துப்போன ஒருவர், உங்கள் வயதுதான், கிளம்பிவிட்டார். கெட்டிக்காரர். போனைக் கொண்டுபோகவில்லை, ஏ.டி.எம். பக்கம் போகவில்லை, எவருக்கும் ஒரு வரி எழுதவில்லை. ஆந்திரப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மாவு ஆட்டும் வேலை. பதினோரு மாதம் யாருக்கும் ஒரு தடயம் இல்லை. மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, பக்கத்தில் வேலை செய்த பையனிடம் போனை வாங்கி, தன் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போட்டிருக்கிறார். வீட்டுக்குப் போடவில்லை, அவ்வளவு ஜாக்கிரதை. குரலை மாற்றிக்கொண்டு, "அந்தப் பொண்ணு எத்தனை மார்க்குங்க?" என்று ஒரே கேள்வி. கடைக்காரர் 437 என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அண்ணே, நீங்களா?" என்று கேட்டதும் லைன் கட். கடைக்காரர் அந்த நம்பரை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனார். நாலாவது நாள் மச்சினன்மார் இருவர் அந்த மெஸ் வாசலில் நின்றார்கள்.

அவர் என் ஆபீசில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, மாட்டிக்கொண்டதைப் பற்றி வருத்தமே படவில்லை. "ஒரு வருஷம் என் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடலைங்க சார்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பதினோரு மாதத்தில் அவர் மனைவி கம்மலை விற்று, எந்தக் கடன் முதலில், எவ்வளவு தள்ளுபடி என்று பேசி, பாதிக்கு மேல் முடித்து வைத்திருந்தார். அவர் உட்கார்ந்து செய்திருக்க வேண்டிய வேலை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2009இல் அமெரிக்காவில் இவான் ரட்லிஃப் என்ற பத்திரிகையாளர், ஒரு மாதம் மறைந்து காட்டுகிறேன், கண்டுபிடிப்பவருக்கு 5,000 டாலர் என்று போட்டி வைத்துவிட்டுப் போனார். மொட்டை போட்டார், வேறு பெயர் வைத்துக்கொண்டார், தன் இணையத் தடத்தையும் மறைக்கப் பார்த்தார். 25ஆவது நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு பீட்சா கடைப் பக்கம் பிடிபட்டார். அவருக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாது, அது இல்லாத பீட்சா அந்தக் கடையில் கிடைக்கும். பெயரை மாற்றினாலும் வயிறு பழைய வயிறுதானே.

இன்னொருவர் கதை உங்களுக்கு அப்படியே பொருந்தும். இங்கிலாந்தில் ஜான் டார்வின் என்பவர் கடனில் முழுகிப்போய், 2002 மார்ச்சில் சின்னப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். படகு மட்டும் சேதமாகிக் கிடைத்தது. செத்துவிட்டார் என்று ஆகி, இன்சூரன்ஸ் பணமும் வந்தது. ஆளோ, தன் வீட்டுக்கு ஒட்டின வீட்டிலேயே ஒளிந்திருந்தார். மனைவிக்குத் தெரியும், இரண்டு மகன்களுக்குத் தெரியாது. ஐந்து வருடத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகள் அப்பா செத்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2007 டிசம்பரில் லண்டனில் ஒரு ஸ்டேஷனுக்கு அவரே போய், எனக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார். சில நாளில் ஒரு பெண்மணி ஜான், ஆன், பனாமா என்ற மூன்று சொல்லை இணையத்தில் போட்டுத் தேட, புருஷனும் பெண்டாட்டியும் பனாமாவில் வீடு பார்க்கப் போய் புரோக்கரோடு சிரித்தபடி எடுத்துக்கொண்ட படம் வந்து விழுந்தது. படம் 2006இல் எடுத்தது. கணவருக்கு ஆறே கால் வருடம் சிறை, மனைவிக்கு ஆறரை வருடம். ஓடியவரைவிட வீட்டில் இருந்தவருக்கு மூன்று மாதம் கூட. எனக்கு இந்தக் கணக்கு மட்டும் மறப்பதே இல்லை.

நீங்கள் பொய்ச்சாவு எல்லாம் போட மாட்டீர்கள், தெரியும். நேர்மையாகவே காணாமல் போனாலும் வீட்டுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். ஏழு வருடம் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லை என்றால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் அனுமானிக்கலாம். புது சாட்சியச் சட்டத்தில் அது 111ஆவது பிரிவு. அதுவரை உங்கள் மனைவி சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. இறப்புச் சான்று கிடையாது, வாரிசுச் சான்று கிடையாது, உங்கள் பெயரில் உள்ள எதையும் விற்க முடியாது. எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அந்த ஏழு வருடமும் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வழக்கில், காணாமல் போன அன்றே கணவர் இறந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி கேட்டார். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, ஏழு வருட அனுமானம் எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்லாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடையில் கட்டாமல் விட்ட பாலிசி, விட்டதுதான்.

உயிரோடு இருப்பது தெரிந்தால், ஜீவனாம்சம் கேட்டு மனைவி வழக்குப் போடலாம். உத்தரவாகியும் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை உள்ளே போடலாம். வங்கிக் கடனுக்குக் கிடைக்காத ஜெயில், இதற்குக் கிடைக்கும்.

இதே கேள்வியை, அடித்து உதைக்கும் கணவனிடமிருந்து தப்ப நினைக்கும் ஒரு பெண் கேட்டிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மறைந்து வாழும் வழியைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடு, காப்பகத்துக்குப் போ, போனில் லொகேஷனை அணை, அவன் கொடுத்த போனை எடுத்துப் போகாதே, நான் பத்திரமாக இருக்கிறேன் என்று ஸ்டேஷனில் மட்டும் எழுதிக் கொடுத்துவிடு என்று. அவளைத் துரத்துவது ஆள். உங்களைத் துரத்துவது கணக்கு. கணக்கை உட்கார்ந்து பார்க்கலாம்.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம்.

எங்கள் பக்கம் 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்' என்று கேவலமாகப் பேசுவார்களே, அந்த ஐ.பி. (நொடிப்பு மனு) பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது 1920ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம். சென்னைக்கு வெளியே தனிமனிதர்களுக்கு இன்றைக்கும் அதுதான். கடன்காரர்களை ஏமாற்றவோ தாமதப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் வீட்டை விட்டோ தொழில் செய்யும் இடத்தை விட்டோ போய்விட்டால், அதுவே நொடித்துப்போனதற்கான செயல் என்று அதன் 6ஆவது பிரிவு சொல்கிறது. கடன்காரர்கள் தன்னைத் தொடர்புகொள்ள முடியாதபடி ஒளிந்துகொண்டாலும் அப்படித்தான். செல்போன், ஆதார் எதுவும் இல்லாத காலத்திலேயே உங்கள் திட்டத்தை ஒரு சட்டத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். ஓடிப்போனால் கடன்காரர் உங்களை நொடித்தவராக அறிவிக்கச் சொல்லி மனுப் போடலாம். அதே வேலையை, ஓடாமல், நீங்களே சப்-கோர்ட்டில் மனுப் போட்டுச் செய்துகொள்ளலாம். கோர்ட் அறிவித்துவிட்டால் உங்கள் சொத்து கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும், கடன்காரர்கள் அவரிடம்தான் கேட்க வேண்டும், கடைசியில் விடுவிப்பு உத்தரவு வாங்கலாம்.

இதை உடனே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. இதில் சிக்கல்கள் உண்டு. எல்லாச் சொத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அடமானம் வைத்த சொத்தின் மேல் வங்கிக்கு உள்ள உரிமை போகாது. செக் கேஸையும் இது நிறுத்தாது. மெஷினையோ வீட்டையோ மனைவி பெயருக்கு எழுதிவிட்டு ஐ.பி. கொடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போனால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். உங்கள் கடன் ஒன்பதேகால் லட்சம். ஆறு மெஷின் ஓடுகிறது. ஐ.பி.யைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஊர் பேசும் என்று பயந்தால், ஓடிப்போனவனைப் பற்றி ஊர் அதைவிட அதிகம் பேசும்.

லோன் ஆப்தான் இப்போது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது, ஆனால் இருப்பதிலேயே சுலபமாகக் கையாளக்கூடியது அதுதான். முதலில் ஒவ்வொரு ஆப்புக்கும் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான வங்கியோ நிதி நிறுவனமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டை எடுக்கவே ஆப்புக்கு அனுமதி கிடையாது, 2022லிருந்து விதி அப்படி. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாது, உறவினரைக் கூப்பிட்டு அவமானப்படுத்தக் கூடாது. மச்சினனுக்கு வந்த அழைப்பின் நம்பர், நேரம், முடிந்தால் பதிவு, எல்லாவற்றையும் வைத்து அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். பின்னால் யாருமே இல்லாத ஆப் என்றாலோ, படத்தை ஒட்டி வெட்டி அனுப்புவேன் என்று மிரட்டினாலோ சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். மிரட்டுகிறவனுக்கு ஐந்நூறு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், கட்டினவனைத்தான் மறுநாளும் கூப்பிடுவான். இன்றைக்கே மச்சினனிடமும் நெருங்கின நாலு பேரிடமும், "இப்படி ஒரு தொல்லை, போன் வந்தால் கண்டுக்காதீங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் இருக்கிற ஆயுதமே, நீங்கள் மறைப்பதுதான்.

ஃபைனான்ஸ்காரர் விஷயம். பத்து வட்டி என்பது மாதம் நூற்றுக்குப் பத்து. 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. இதுவரை கட்டியதற்கு என்ன ஆதாரம் என்று தேடுங்கள். போனில் அனுப்பிய பணம், அவர் கையெழுத்திட்ட நோட்டு, வாட்ஸ்அப் குரல் செய்தி, எதுவானாலும் சரி. அதோடு மூன்று செக்கின் நம்பரையும் குறித்து, அவை பாதுகாப்புக்காக வெறுமையாகக் கொடுத்தவை என்று இப்போதே வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்பி வையுங்கள். பின்னால் அவர் தொகையை நிரப்பிப் போட்டாலும் உங்கள் பேச்சு முன்னாலேயே பதிவாகியிருக்கும். கடன் வாங்கினதையே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வங்கிதான் பெரிய தொகை. ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கினவரின் பொறுப்பும் ஒன்றுதான் என்று ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவு சொல்கிறது. நண்பரைத் தேடாமல் நேரே உங்களைக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 141ஆவது பிரிவை மேனேஜர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் இருந்த பொருளின் பலன் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நண்பர் கடனில் வாங்கின மெஷின்கள் எங்கே? வங்கி அவற்றைக் கைப்பற்றி விற்றதா? வங்கியே அவற்றைக் கைவிட்டிருந்தால், அந்த மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும். இதை எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதன்பின் ஒரே தவணையில் முடிக்க என்ன தொகை என்று பேச்சை எடுங்கள், ஒத்துவராவிட்டால் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) போகலாம். அங்கே முடிந்தால் அதற்கு மேல் அப்பீல் இல்லை, இரண்டு பக்கமும் நிம்மதி. வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் 15100க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், வருமானம் குறைவானவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

வங்கி தீர்ப்பே வாங்கினாலும் உங்களை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவரைத்தான் சிவில் சிறையில் வைக்கலாம், வெறும் ஏழ்மைக்காக வைக்க முடியாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சமையல் பாத்திரம், படுக்கை, மனைவியின் தாலி இவற்றையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது. கைவினைஞரின் தொழில் கருவிகளுக்கும் விலக்கு உண்டு. உங்கள் தையல் மெஷின்கள் அதில் வருமா என்பது வாதாட வேண்டிய விஷயம். வாதாடுவதற்கு நீங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, வாங்கியது, கட்டியது, கையில் என்ன காகிதம் என்று எழுதி, உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் எங்கேயும் அவருக்குத் தெரியும் என்று எழுதவில்லை. அரைகுறையாக அவருக்குத் தெரிந்துதான் இருக்கும், மச்சினனுக்கே போன் போயிருக்கிறதே.

கடைசியாக, அந்த நண்பர். அவருக்காக வங்கிக்கு நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயையும் அவரிடமிருந்து திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாதே என்பீர்கள். அவருக்கும் அம்மா இருக்கிறார், பிள்ளை இருக்கிறது, ஒரு நாள் ரிசல்ட் வரும். வங்கியில் பணம் கட்டும்போது உங்கள் பெயர் போட்டு ரசீது வாங்குங்கள். நண்பர் கணக்கில் வெறுமனே கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்.